நம்பர் பிளேட்டை ஊரே பார்க்கலாம், வீட்டு விலாசத்தையுமா? வாகனப் பதிவேடு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி
போக்குவரத்து ஆணையர், தமிழ்நாடு அரசு, சென்னை

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

காரின் நம்பர் பிளேட்டில் எழுத்தும் எண்ணும் 65 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 51ஆம் விதி. கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி 10 மில்லிமீட்டர். தெருவில் போகிற எவரும் தூரத்திலிருந்தே படித்துவிட வேண்டும் என்று வகுத்த அளவு அது. இடித்துவிட்டு நிற்காமல் ஓடும் வண்டியைப் பிடிக்க வேறு வழி கிடையாது. ஆகவே வண்டி எண் ஊரறிந்ததாக இருப்பதில் எங்களுக்கு முறையீடு ஏதுமில்லை. அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கதவு, யாருக்கு, எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

அமைச்சகத்தின் நாடு தழுவிய வாகனப் பதிவேடான 'வாகன்' பதிவேட்டில் இருப்பவை வண்டியின் விவரங்கள் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வண்டியைப் பதிவு செய்யும் படிவம் 20-ஐ ஒருமுறை நிரப்பியவருக்குத் தெரியும்: உரிமையாளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி, கடன் கொடுத்த வங்கி, காப்பீட்டு விவரம் எல்லாம் அதில் உண்டு. கூடவே ஓ.டி.பி. வருவதற்கான மொபைல் எண். ஒரு பெண் தன் ஸ்கூட்டரைப் பதிவு செய்தால், அவர் எங்கே குடியிருக்கிறார், பிறந்த வீடு எது, யாருடைய மகள் அல்லது மனைவி என்பதெல்லாம் ஒரே வரிசையில் ஏறிவிடுகிறது. டியூஷன் வாசலில் நிற்கும் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு போகிற ஒருவன் கையில் அந்த வரிசை கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 1989இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகையை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றவனுக்கு, கலிபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறைப் பதிவிலிருந்து ஒரு தனியார் துப்பறிவாளர் வழியாகத்தான் முகவரி கிடைத்தது. அந்த நாடு 1994இல் வாகனப் பதிவுத் தகவலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் இன்றுவரை இல்லை.

இங்கே நடந்தது நேர்மாறு. 2019 மார்ச்சில் அமைச்சகம் பதிவேட்டுத் தரவை மொத்தமாகப் பகிரும் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2019-20 நிதியாண்டுக்கு வணிக நிறுவனம் 3 கோடி ரூபாய் கட்டினால் பதிவேட்டின் 28 களங்கள் (தகவல் கட்டங்கள்) கிடைக்கும். ஆராய்ச்சிக்காகக் கேட்கும் கல்வி நிறுவனத்துக்கு 5 லட்சம். பெயர் இருக்காது, ஆனால் வேறு தரவுகளோடு பொருத்திப் பார்த்தால் ஆளை அடையாளம் காண வாய்ப்பு உண்டு என்று அந்தக் கொள்கை ஆவணமே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும் விற்றார்கள். 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் வாகன், சாரதி (ஓட்டுநர் உரிமப் பதிவேடு) தரவுகளை அணுக வழி கொடுத்து ஏறத்தாழ 65 கோடி ரூபாய் ஈட்டியதாக 2019 ஜூலையில் மாநிலங்களவையில் சொல்லப்பட்டது. 2021 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை 100 கோடியைத் தாண்டியிருந்தது. தனியுரிமைக் கவலையைக் காரணம் காட்டி 2020 ஜூனில் கொள்கையைத் திரும்பப் பெற்றீர்கள். நல்லது. ஆனால் கொள்கையைத்தான் திரும்பப் பெற முடியும், போய்ச் சேர்ந்த கோப்புகளை முடியாது. வாங்கியவர்கள் அழித்தார்களா, அழித்ததை யார் சரிபார்த்தார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் வாகன உரிமையாளரிடம் காட்டப்படவில்லை. பத்தாண்டு பழைய வண்டியின் முகவரியும் சேஸிஸ் எண்ணும் பெரும்பாலும் இன்றும் அதேதான். இந்தத் தரவு கெட்டுப்போகிற பண்டம் இல்லை.

அதன் பிறகு நீங்கள் செய்த மாற்றங்களை மறுக்கவில்லை. பொதுமக்கள் தேடும் பக்கத்தில் மொபைல் எண் கொடுத்து உள்நுழைய வேண்டும், உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி வருகிறது. 2021 ஜூனில் புகைச் சான்றிதழின் புதிய வடிவத்தை அறிவித்தபோது பெயர், முகவரி, மொபைல் எண் ஆகியவற்றைக் காக்கவும், இன்ஜின், சேஸிஸ் எண்களில் கடைசி நான்கு மட்டும் தெரியவும் வழி செய்தீர்கள். அந்தச் சிந்தனை சரியானது. ஆனால் திரையில் நட்சத்திரம் போடுவது வாசலில் கோலம் போடுவது மாதிரி. பின்கட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது.

முதலில் அந்த நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். மறைத்த எழுத்துகளின் எண்ணிக்கையும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால், எட்டு எழுத்துப் பெயரில் நான்கை மறைப்பது குறுக்கெழுத்துப் போட்டி வைப்பதற்குச் சமம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டி நிற்கும் தெருவைத் தெரிந்தவன், அங்கே குடியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியலோடு இரண்டே நிமிடத்தில் பொருத்திவிடுவான். மறைப்பதானால் எல்லாப் பெயருக்கும் ஒரே நீளத்தில் மறையுங்கள், முதல் எழுத்தைத் தவிர எதையும் காட்டாதீர்கள். அதைவிட நல்லது, பெயரைக் காட்டவே காட்டாமல், கேட்பவர் தட்டும் பெயருக்குப் 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்று மட்டும் பதில் சொல்வது. அதையும் ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் சொல்லக் கூடாது. இல்லாவிட்டால் தட்டித் தட்டியே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது எண் வரிசை. நம் பதிவு எண் தற்செயலாக அமைவதில்லை. மாநிலம், அலுவலகம், எழுத்து வரிசை, பிறகு 1 முதல் 9999 வரை. ஒரு சிறு நிரல் எழுதி மூன்று விநாடிக்கு ஒரு கேள்வி அனுப்பினால், ஒரு முழு வரிசையையும் எட்டரை மணி நேரத்துக்குள் துடைத்து எடுத்துவிடலாம். பத்து இணைப்பு வைத்துக்கொண்டால் 50 நிமிடம். படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்தைத் தட்டச் சொல்வது இதைத் தடுக்காது. அதைப் படித்துக் கொடுக்க மலிவான சேவைகள் இருக்கின்றன. தடுப்பது இரண்டுதான்: ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு இத்தனை தேடல் என்ற கறாரான வரம்பு, அடுத்தடுத்த எண்களைக் கேட்டால் உடனே பூட்டு. நிஜமான தேவை 4521, 4522, 4523 என்று ஒருபோதும் வராது.

இதைவிடப் பெரிய ஓட்டை நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரவு போகும் இணைப்புகளில் இருக்கிறது. காப்பீடு, கடன், பழைய வண்டி வணிகம், ஃபாஸ்டேக் என்று சட்டபூர்வமாகத் தரவு பெறும் நிறுவனங்கள் பல. அவற்றின் கீழே துணை நிறுவனம், அதன் கீழே மென்பொருள் விற்பவர், அவருக்கும் கீழே 'ஆர்.சி. சரிபார்ப்பு' என்று ஒரு கேள்விக்குச் சில ரூபாய் வாங்கிக்கொண்டு யாருக்கும் பதில் கொடுக்கும் கடை. வண்டி எண்ணைத் தட்டினால் மொபைல் எண் தருகிறோம் என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்கிறார்கள். அந்தப் பதில் எந்த வாசல் வழியாக வந்தது என்று உங்களிடம் கேட்டால் இன்று சொல்ல முடியுமா?

சொல்ல வைக்கும் முறை எளியது. தரவு பெறும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே இருபது பொய்ப் பதிவுகளைக் கலந்து கொடுங்கள். இல்லாத வண்டி, இல்லாத ஆள், ஆனால் உங்கள் வசம் இருக்கும் உண்மையான மொபைல் எண். ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த எண் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. 'சார், உங்க இன்ஷூரன்ஸ் முடியப்போகுது' என்று அந்த எண்ணுக்கு அழைப்பு வந்த அன்றே கசிவு எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு ரேக் சிம் கார்டும் அதைக் கவனிக்க ஒரு ஊழியரும் போதும். தரவு வணிகத்தில் இருப்பவர்கள் தங்கள் பட்டியலைக் காக்கப் பல காலமாகச் செய்வதுதான் இது. அரசுப் பட்டியலுக்கு மட்டும் இந்தப் பொறியை ஏன் வைக்கக் கூடாது?

காப்பீட்டு அழைப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காப்பீடு முடியும் தேதியை மறைத்துவிட்டால் அழைப்பு நின்றுவிடும் என்று ஒரு யோசனை அவ்வப்போது எழுகிறது. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டு, புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பதிவுத் தேதி தெரிந்தால் முடியும் தேதியை விரல் விட்டே எண்ணிவிடலாம். ஆக, ஒரு களத்தை மறைத்துவிட்டு அதைக் கணக்கிட உதவும் களத்தைக் காட்டுவதில் பயனில்லை. பொதுப் பக்கத்தில் பதிவு ஆண்டு மட்டும் போதும்.

பிறகு லாகின். ஆர்.டி.ஓ. அலுவலக எழுத்தர், மோட்டார் வாகன ஆய்வாளர், ஷோரூம் ஊழியர், புகைப் பரிசோதனை மையம், போக்குவரத்துக் காவலரின் கைக்கருவி என்று சட்டப்படி உள்ளே போகக்கூடியவர்களே ஏராளம். நடைமுறையில் ஒரே பாஸ்வேர்டை நான்கு பேர் பயன்படுத்துவார்கள், அது ஒரு துண்டுச் சீட்டில் மானிட்டர் ஓரம் ஒட்டியிருக்கும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது ஆளுக்கொரு லாகின் போட்டு வெளியேறி மறுபடி நுழைய யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் ஒழுங்கை ஆளிடம் எதிர்பார்க்காமல் மென்பொருளில் வையுங்கள். ஒருவருக்கு ஒரு அடையாளம், நுழைய ஓ.டி.பி. அல்லது விரல் ரேகை, ஐந்து நிமிடம் தொடாவிட்டால் பூட்டு. தேடலின் காரணம் கட்டாயம், அந்தக் காரணம் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்: காவலர் என்றால் எஃப்.ஐ.ஆர். எண், சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) எண் அல்லது சலான் எண், காப்பீட்டாளர் என்றால் கோரிக்கை எண். காரணப் பட்டியலில் 'இதர' என்ற ஒன்றை மட்டும் வைத்துவிடாதீர்கள். வைத்தால் எல்லோரும் அதையே தட்டுவார்கள்.

இவ்வளவுக்கும் அடியில் நாங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான். ஒரு வண்டியின் பதிவை யார் திறந்தாலும் அது அந்த உரிமையாளருக்குத் தெரிய வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வகை நிறுவனம், என்ன காரணம், எந்தெந்தக் களங்கள் காட்டப்பட்டன என்று ஐந்து தகவல். அமைச்சகத்தின் எம்-பரிவாஹன் செயலியில் 'என் பதிவைப் பார்த்தவர்கள்' என்று ஒரு பக்கம். இது ஆகாத காரியம் இல்லை. ஆதாரில் அங்கீகார வரலாறு என்று ஆறு மாதத்துக்கான பட்டியலைக் குடிமக்கள் தாங்களே பார்க்கும் வசதி ஏற்கனவே இருக்கிறது. பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் பார்ப்பவரின் கை தானாகக் கட்டுப்படும். நாளொன்றுக்கு நூறு தேடல் செய்யும் அலுவலருக்கும் அது பாதுகாப்பு. தன் பெயரில் யாரோ தேடியிருந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

திருடனை விசாரிக்கும்போது அவனுக்கே தகவல் போகலாமா என்று காவல் துறை கேட்கும். நியாயமான கேள்வி. விசாரணைத் தேடல்களை 180 நாள் கழித்துக் காட்டலாம். அதற்கு மேலும் மறைக்க வேண்டுமானால் உயரதிகாரி ஒருவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரேயடியாக மறைப்பது கூடாது.

தகவல் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 160ஆம் பிரிவைப் பாருங்கள். விபத்தில் இழப்பீடு கோர உரிமை உண்டு என்று சொல்பவர் கேட்டால், கட்டணம் பெற்றுக்கொண்டு வண்டியின் விவரங்களைப் பதிவு அதிகாரியோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ தரவேண்டும். கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார், என்ன தரவேண்டும் என்று மூன்றையும் 1988லேயே எழுதி வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. பிரிட்டனில் வி888 என்ற படிவத்தில் நியாயமான காரணத்தை எழுதிக் கேட்பதும் இதே வழிதான். 160ஆம் பிரிவை இணையத்துக்குக் கொண்டுவாருங்கள்: விபத்து பதிவான எண்ணைக் கொடுத்தால், அந்த ஒரு வண்டிக்கு மட்டும், அந்த ஒரு முறை மட்டும் விவரம்.

பழைய வண்டி வாங்குபவருக்கும் தகவல் வேண்டும். ஆனால் அவருக்கு வேண்டியது கடன் பதிவு நீங்கியதா, சலான் பாக்கி எவ்வளவு, எத்தனையாவது உரிமையாளர், தகுதிச் சான்றும் காப்பீடும் எதுவரை, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பவைதான். விற்பவரின் கதவு எண் அவருக்கு எதற்கு? விற்பவர் தன் மொபைலில் ஒரு ஆறு இலக்கக் குறியீட்டை உருவாக்கி வாங்குபவரிடம் சொன்னால், 24 மணி நேரத்துக்கு இந்த விவரங்கள் மட்டும் தெரியும்படி செய்யலாம்.

பழைய வண்டி விற்பனையில் இன்னொரு பழக்கமும் வேரோடியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, ஆர்.சி., ஆதார் ஜெராக்ஸ்களோடு ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்வது. வண்டி இரண்டு மூன்று கை மாறிய பிறகுதான் பெயர் மாற்றம். அதுவரை அந்தக் கவர் எத்தனை மேசை ஏறி இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் 55ஏ முதல் 55எச் வரையான விதிகள், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் வண்டியைப் பெற்றதும் அதை இணையத்தில் தெரிவிக்க வழி செய்தன. அங்கீகாரம் பெறாமலே கடை நடத்துபவர்களிடம் இந்த விதி எட்டவில்லை. மாநில அரசு முதலில் கைவைக்க வேண்டிய இடம் இது, ஆணையர் அவர்களே.

ஜெராக்ஸ் பற்றிச் சொல்லிக்கொண்டே போகலாம். அடுக்குமாடி வாசல் ஸ்டிக்கருக்கு, ஆலை வாகன அனுமதிக்கு, சுங்கச்சாவடி உள்ளூர் பாஸுக்கு என எங்கே போனாலும் ஆர்.சி. நகல். ஆதாருக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் முகமூடி நகல் இருப்பதுபோல், டிஜிலாக்கரிலும் எம்-பரிவாஹனிலும் முகமூடி ஆர்.சி. ஒன்றைத் தாருங்கள். வண்டி எண், மாடல், நிறம், தகுதி முடியும் தேதி, ஒரு கியூ.ஆர். குறியீடு. வாட்ச்மேனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தை அடையாளச் சான்றாகக் கேட்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். பல கார்களில் அது முன் கண்ணாடிக்கு அடியில் வெளியிலிருந்தே தெரிகிறது. பைக்கில் ஹேண்டிலுக்குக் கீழே பொறித்திருக்கிறது. இன்ஜின் எண், பதிவுத் தேதி, தகுதி முடியும் தேதி எல்லாமே ஆர்.சி.யில் அச்சாகி இருப்பவை. ஒரு ஜெராக்ஸ் கையில் இருந்தால் போதும், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். மொபைல் எண்ணை மாற்றுவது போன்ற காரியத்துக்கு இவை மட்டும் ஒருபோதும் போதக் கூடாது. மாற்றக் கோரிக்கை வந்ததும் பழைய எண்ணுக்குச் செய்தி அனுப்பி, 72 மணி நேரம் நிறுத்திவைத்துப் பிறகே ஏற்க வேண்டும். அந்தப் பழைய எண்ணும் காலாவதியாகக்கூடியது. துண்டித்த மொபைல் எண்ணை 90 நாள் கழித்துத் தொலைபேசி நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்போது உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவரிடம் போகும். ஆண்டுக்கு ஒரு முறை எண்ணை உறுதிசெய்யச் சொல்லுங்கள். புகைச் சான்றிதழ் எடுக்கும் நேரம் அதற்குத் தோதானது.

கசிந்த தரவு என்ன செய்கிறது என்பதற்கு நடப்பு உதாரணம் போலி இ-சலான். வாட்ஸ்அப்பில் சரியான வண்டி எண்ணோடு அபராதச் செய்தி வருகிறது, கூடவே பரிவாஹன் பெயரில் ஒரு ஏ.பி.கே. கோப்பு, அதாவது மொபைலில் செயலியை நிறுவும் கோப்பு. நிறுவியதும் அது குறுஞ்செய்திகளைப் படித்து வங்கி ஓ.டி.பி.யை எடுத்துக்கொள்கிறது. படித்தவர்களும் ஏமாறுவதற்குக் காரணம் அந்தச் சரியான வண்டி எண்தான். 'அரசுக்குத்தானே என் நம்பரும் வண்டியும் சேர்த்துத் தெரியும்' என்று நம்புகிறார்கள். சலான் செய்தியில் சுட்டியே வைக்காதீர்கள். 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும் தளத்தில் உங்கள் எண்ணைத் தட்டிப் பாருங்கள் என்று மட்டும் எழுதுங்கள். ஏமாந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கச் சொல்லும் வரியும் அதே செய்தியில் இருக்கட்டும்.

புள்ளிவிவரம் தாராளமாக வெளிவரட்டும். வாகன் தளத்தின் எண்ணிக்கைப் பலகை ஆய்வாளர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் உண்மையிலேயே பயன்படுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சிறிய ஆர்.டி.ஓ. எல்லையில் ஒரு வகைக் கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தால், அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். பத்துக்குக் குறைந்த எண்ணிக்கையைப் 'பத்துக்குக் கீழ்' என்றே காட்டலாம்.

கடைசியாகச் சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் என்பதால் 2027 மே வரை அவகாசம் இருக்கிறது. உரிமம், அனுமதி வழங்க அரசு தரவைக் கையாளலாம் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. நோக்கத்துக்குத் தேவையான அளவே கையாள வேண்டும் என்று விதிகளின் இரண்டாம் அட்டவணையும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியிருக்கிறது. அந்தத் திருத்தத்தைக் காட்டி, தரவு பெறும் நிறுவனங்களின் பட்டியலையும் ஒப்பந்தங்களையும் மறைத்துவிடக் கூடாது. மறைவு வேண்டியது வண்டிக்காரருக்கு, துறைக்கு இல்லை.

ஆகவே இந்த மடலுக்கு நாங்கள் முதலில் எதிர்பார்க்கும் பதில் ஓர் ஆவணம்: இன்றைய தேதியில் வாகன் பதிவேட்டை அணுக அனுமதி பெற்ற ஒவ்வொரு நிறுவனத்தின் பெயர், எந்தெந்தக் களங்கள், எந்த நோக்கம், அனுமதி முடியும் நாள். 2019, 2020 ஆண்டுகளில் மொத்தத் தரவு பெற்றவர்களின் பெயருக்கு நேரே, அழித்ததற்கான சான்று உண்டா இல்லையா என்று இன்னொரு நெடுவரிசை.

இப்படிக்கு,
வாகனப் பதிவு, காப்பீடு, தரவுப் பாதுகாப்புத் துறைகளில் பணிபுரிவோர் சிலர்